முன்கமானில் மூன்று பட்டை

ஒரு பெண் வண்டியைப் பின்னால் எடுக்கிறாள் என்றால் ஆவடி வட்டாரத்தில் குறைந்தது நான்கு ஆண்களுக்கு உடனே வேலை கிடைத்துவிடும். டீக்கடையிலிருந்து ஒருவர் கண்ணாடி டம்ளரோடு வருவார். செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழுந்து வருவார். பஸ்ஸுக்கு நிற்கிறவர், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, எனக்குப் பின்னால் நின்று "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி" என்று கையை ஆட்டுவார். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் நான் இடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வழிகாட்ட வந்து பம்பருக்கு மிக அருகில் நின்றுகொண்ட ஒருவரை, லேசாக, முழங்காலில்.

நாற்பத்து நான்காவது வயதில் நான் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. பிடித்திருந்தது, வாங்கினேன். இதையே ஒரு ஆண் சொன்னால் ரசனை என்பார்கள். நான் சொன்னபோது என் நாத்தனார், இந்த வயதில் ஹார்மோன் தொந்தரவு இருக்கும் என்று ஒரு டாக்டரின் நம்பரை அனுப்பிவைத்தாள். என் கணவர் எதுவும் சொல்லவில்லை. அவர் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். கேட்டதை எடுத்துக் கொடுப்பது, கேட்காததைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்ற இரண்டு பழக்கத்தையும் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. இரும்புத் தகட்டை அச்சில் அடித்து வண்டி பாகங்கள் செய்கிற கம்பெனி. அதில் தரம் பார்ப்பவள் நான். ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்புவேன். என் முதுகுக்குப் பின்னால் என்னை ரிஜெக்ட் மேடம் என்று சொல்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து பூந்தமல்லியிலும் அம்பத்தூரிலும் அடுக்குமாடியில் குடியேறியவர்கள். வாரத்தில் ஐந்து நாள் நாற்காலியில் உட்கார்ந்து முதுகுவலி சம்பாதிப்பார்கள். சனிக்கிழமை அதற்குப் பிசியோதெரபி. ஞாயிற்றுக்கிழமை அதே முதுகைக் கொண்டுபோய் மேடுபள்ளத்தில் குலுக்குவார்கள். வண்டி கழுத்தளவு தண்ணீரில் போனாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்காகக் கூரை உயரத்துக்குக் கறுப்புக் குழாய் வைத்திருப்பார்கள். நவம்பரில் புயல் சின்னம் என்று டிவியில் சொன்னதும் அதே வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு ஆட்டோவில் வீடு திரும்புவார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குமணன்சாவடியில் டீ. பிறகு வெள்ளானூரைத் தாண்டி ஒரு வறண்ட ஏரி. லாரிகள் சவுடு மண் அள்ளிப்போன பள்ளங்கள் அங்கே ஏராளம். அவற்றில் இறங்கி ஏறுவதுதான் சாகசம். குமணன்சாவடியிலிருந்து அந்த ஏரிக்குப் போகிற ரோட்டிலும் அதே ஆழத்தில் பள்ளங்கள் உண்டு. அவற்றை ஒருவரும் படம் எடுப்பதில்லை. வாரநாளில் ஆபீஸுக்குப் போகும்போது விழுகிற பள்ளம் என்பதால் அதற்கு மரியாதை கிடையாது.

குழுவின் அட்மின் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதைதான் என் பிரச்சினை.

குழுவில் ஒரு வழக்கம். யாராவது பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒருவர் அடியில் குனிந்து பார்க்கும்போது வண்டி கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான். ஆண்கள் மாட்டும்போது சாவி அவர்கள் சட்டைப்பையிலேயே இருக்கும், இன்னொரு வண்டியிலிருந்து கயிறு வரும், கட்டி இழுப்பார்கள், சிரிப்பார்கள். நான் மாட்டினால் கயிறு வராது. ஒரு உள்ளங்கை வரும். "சாவி குடுங்க மேடம், நான் எடுத்துத் தர்றேனுங்க" என்று அட்மின் கையை நீட்டுவார்.

இரண்டு முறை கொடுத்தேன். முதல் முறை ஏரிக்கரைச் சரிவில். இரண்டாவது முறை அதைவிடச் சாதாரணமான ஒரு குழியில். இரண்டு முறையும் அவர் ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் வண்டியை மேலே கொண்டுவந்து நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கொடுமை என்னவென்றால், இரண்டாவது முறை நானும் தட்டினேன். கை தானாகச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்து எரிச்சல்பட்டேன். கம்பெனியில் என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரி வெளியே போகாது. இங்கே என் சொந்த வண்டியை எனக்கு எடுத்துத் தருகிறார்கள், அதற்கு நான் கைதட்டுகிறேன். மூன்றாவது முறை சாவியைக் கொடுப்பதில்லை என்று அன்று முடிவு செய்தேன். வண்டி அங்கேயே புதைந்து அதன்மேல் வேலிக்கருவை முளைத்தாலும் சரி.

அதற்கு நான் செய்ய வேண்டியது மாட்டாமல் இருப்பது. ஏன் மாட்டுகிறது என்று ஆராய ஆரம்பித்தேன். ஆராய்வது என் தொழில் அல்லவா?

ஹோட்டலில் சில மேஜைகள் ஆடும். நான்கில் ஒரு கால் தரையில் படாமல் நிற்கும். சர்வர் ஒரு காகிதத்தை மடித்துச் செருகிவிட்டுப் போவார். மேடுபள்ளத்தில் வண்டியும் அந்த மேஜை மாதிரிதான். ஒரு பக்கம் மேட்டில் ஏறும்போது எதிர்ப்பக்கச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. காகிதம் செருக முடியாது என்பதால் சக்கரம் தானாகக் கீழே இறங்கித் தரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் ஜீப்பின் முன்பக்கம் அப்படி இறங்கவில்லை. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கமான்தான் அதைத் தாங்குகிறது. பக்கத்துக்கு ஏழு பட்டை. முன்சக்கரம் இரண்டும் ஸ்கூல் அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. குற்றவாளி கிடைத்துவிட்டது.

மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். பக்கத்துக்கு மூன்று பட்டையை எடுத்து நான்காகக் குறைக்க வேண்டும். கமானின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கிற ஷாக்கிள் என்ற துண்டு இரண்டு அங்குலம் நீளமாக வேண்டும். ஷாக் அப்சார்பரும் நீளமாக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தை அது பிடித்து நிறுத்திவிடும். பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாயும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். பலர் கடைசியதை மறந்துவிட்டு, சக்கரம் அழகாக இறங்கிய சந்தோஷத்திலேயே பிரேக்கைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் மறக்கவில்லை. வெர்னியர் அளவுகோலில் நூலிழை பிசகாமல் அளந்து, வரைபடம் போட்டு, எவ்வளவு கூடலாம் எவ்வளவு குறையலாம் என்பதையும் ஓரத்தில் எழுதினேன். குழுவில் ஒருவர் கமானையே தூக்கிப் போட்டுவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைக்கச் சொன்னார். அவர் தன் வண்டியின் பானெட்டைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. வாஷர் தண்ணீர் தீர்ந்தால்கூடச் சர்வீஸுக்குப் போன் செய்கிறவர்.

இந்த வேலைக்குக் கரையான்சாவடியில் லாரிகளுக்குக் கமான் கட்டுகிற ஒரு பட்டறையைப் பிடித்தேன். மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் போய் இறங்கியதும், ஓட்டிக்கொண்டு வந்த என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வந்த என் கணவரைப் பார்த்து, "இன்னா சார் பண்ணணும்?" என்றார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு அவரிடமே, எவ்வளவு லோடு ஏற்றுவீர்கள் என்றார். நான் லோடே ஏற்றுவதில்லை என்றேன். அதற்கும் அவர் என் கணவரைப் பார்த்துத்தான் தலையாட்டினார். என் கணவர் சுவரில் இருந்த காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரும்பி, "வண்டி அவங்களோடது" என்றார்.

மேஸ்திரி அதன்பிறகு என்னிடம் பேசினார். பேசியது முழுக்க மறுப்பு. அவர் இத்தனை வருடமாகச் செய்துவந்தது பட்டை சேர்க்கிற வேலை. மணல் லாரிக்காரர் வருவார், ஒரு பட்டை சேர்த்துப் போடு என்பார். தண்ணி லாரிக்காரர் இரண்டு கேட்பார். பட்டையை எடு என்று யாரும் அவர் வாசலில் வந்து நின்றதில்லை. "பட்டைய எடுத்தா வண்டி உக்காந்துடும்மா. எந்தக் கடைல கட்டுனதுனு ரோட்ல நாலு பேரு கேட்டா நம்ம பேரு இன்னா ஆவறது?" என்றார். உட்காரத்தான் எனக்கு வேண்டும், வளைந்து கொடுக்க வேண்டும் என்று விளக்கினேன். என் வரைபடத்தைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்து, நன்றாக வரைந்திருப்பதாகச் சொல்லி, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

மூன்று தடவை போனேன். இரண்டு பட்டை எடுக்கலாம் என்று இறங்கி வந்தார். நான் மூன்றிலேயே நின்றேன். மூன்றாவது தடவை, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன். ஒரு ஆண் உன் இஷ்டம் என்று சொன்னால் அது சம்மதம் இல்லை என்பது, கல்யாணமாகி இருபது வருடமான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனேன். கமான் இரண்டுக்கும் புதுக் கறுப்புப் பெயின்ட், கிரீஸ், மேலே குங்குமப் பொட்டு. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்து ஷாக்கிளை அளந்தேன், சரியாக இருந்தது. போல்ட்டுகளின் இறுக்கம் பார்த்தேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பிரேக் குழாய் இழுபடுகிறதா என்று தடவிப் பார்த்தேன். மேஸ்திரி கைகட்டி நின்று, பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மனசுக்குள் டிக் போட்டுவிட்டு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மறுபடி ஜாக்கி போட்டு அளந்தேன். முன்சக்கரம் பழையதைவிட ஒரு சாண் கீழே இறங்கியது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. அட்மின் "சூப்பருங்க மேடம்" என்று எழுதினார். அசோசியேஷன் செயலாளர் மட்டும் மேலிருந்து எட்டிப்பார்த்து, சக்கரம் கழன்றுவிட்டதா, மெக்கானிக் யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் எனக்காகவே ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இடது பக்கம் மேடு, வலது பக்கம் குழி, ஒரு வண்டி நீளம் தள்ளி அதுவே மாற்றி. ஞாயிறுதோறும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற என் கணவர், பள்ளத்துக்கு முன்னால் வழக்கம்போல வண்டியில் எடை குறையட்டும் என்று சொல்லி இறங்கிக்கொண்டார். அவர் எடை அறுபத்திரண்டு கிலோ. இறங்கும்போது பிளாஸ்கையும் முறுக்குப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

முதல் மேட்டில் ஏறினேன். வலது சக்கரம் அழகாகக் குழிக்குள் இறங்கித் தரையைப் பிடித்தது. பின்னால் யாரோ ஆஹா என்றார்கள். இரண்டாவது இடத்தில் இடது சக்கரம் இறங்க வேண்டும். இறங்கியது, பாதி தூரம். அப்புறம் தூக்கிக்கொண்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. நின்றுவிட்டேன். மறுபடி மிதித்தேன், சக்கரம் காற்றில் சுற்றியது. மூன்று தடவை முயன்றேன். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அட்மின் அதற்குள் பாதி தூரம் நடந்து வந்துவிட்டார்.

அவர் வந்து சேர்வதற்குள் நான் குனிந்து கமானைப் பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல் எண்ணினேன். ஐந்து. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஐந்து. அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஐந்து. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மேஸ்திரி ஒன்றைக் கூடுதலாக வைத்துக் கட்டி, பெயின்ட் அடித்து, பொட்டும் வைத்து அனுப்பியிருக்கிறார். ஷாக்கிளை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை அளந்த நான், ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலை அது.

ஆனால் அதற்காக நான் வெட்கப்படவில்லை. உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் ஒரு கோளாறை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டுபிடித்ததே இல்லை. எல்லோரையும் கூப்பிட்டேன். எண்ணச் சொன்னேன். பதினைந்து ஆண்கள், மாதாமாதம் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள், என் வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு விரல் நீட்டி எண்ணினார்கள். ஐந்துதான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. நான் நின்றுகொண்டு, நான்கு பட்டை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும், ஐந்து இருப்பதால் என்ன நடந்தது என்று கையை மடக்கி விரித்து விளக்கினேன். கம்பெனி மீட்டிங்கில்கூட நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

பேச்சின் நடுவே அந்த உள்ளங்கை வந்தது. "சாவி குடுங்க மேடம்."

கொடுத்தேன். மூன்று மாதமாக நான் காப்பாற்றி வைத்திருந்த சபதத்தை யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தேன். வண்டிமேல்தான் குற்றம் என்று நிரூபணமாகிவிட்டதே, இனி யார் உட்கார்ந்தாலும் இது ஏறாது, அவரும் ஒரு தடவை அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டுகூடக் கொடுத்தேன்.

அட்மின் வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். மெதுவாக ஊர்ந்து ஏறுவதற்கென்று இருக்கிற லோ கியரில் முதல் கியர் போட்டார். வந்தார். அதே மேடு, அதே குழி. அதே இடது சக்கரம், எனக்குத் தூக்கிய அதே உயரத்துக்குத் தூக்கியது. வண்டி அதே மாதிரி சாய்ந்தது. அவர் எதுவும் செய்யவில்லை. மிதித்திருந்த அளவை மாற்றாமல் மிதித்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். வண்டி நிற்காமல் ஊர்ந்தது, சக்கரம் மெதுவாகக் கீழே வந்து மண்ணைத் தொட்டது, ஏறி வெளியே போய்விட்டது. ஐந்து பட்டையோடு. என் சொற்பொழிவுக்கு ஆன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஒருவர் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். இன்னொருவர் போனை எடுத்து, வராத அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டே தள்ளிப் போனார். கைதட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அட்மின் சாவியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சக்கரம் தூக்குனதும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துடுறீங்க. முன்னாடி ரெண்டு வாட்டியும் அதேதானுங்க" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னால் நான் கோபித்துக்கொள்வேன் என்று பயந்தாராம். ஆமாம், கோபித்துக்கொண்டிருப்பேன். ஆண் என்பதால் புத்தி சொல்ல வந்துவிட்டார் என்று இன்னொரு மூன்று மாதத்துக்குப் பேசியிருப்பேன்.

எனக்குப் பயம். சக்கரம் தரையை விட்டு எழும்பி, கண்ணாடியில் வானம் நிறையும்போது கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. அந்தக் காலை யாரும் பார்க்காமல் இருப்பதற்காக மூன்று மாதம் கமானைப் பிடித்துத் தொங்கினேன். வேலையில் ஒரு பாகம் தப்பாக வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, அச்சில் கோளாறா, அடித்தவரிடம் கோளாறா என்பது. அதைத் தினமும் அடுத்தவரிடம் கேட்டுக் கேட்டு, என்னிடம் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது.

நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் மேடம், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று அட்மின் சொன்னார். முதலில் கமானைச் சரிசெய்து கொண்டுவருகிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். எல்லாம் தெரிந்த பிறகும் வாயிலிருந்து அதுதான் வந்தது.

இந்த அவமானத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். மேஸ்திரி இருந்தார். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கணவரையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கரையான்சாவடிக்குப் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கி வைத்தேன். பட்டறையில் ஒரு தண்ணி லாரி பின்பக்கம் தூக்கி நின்றிருந்தது. அதன் டிரைவர், என் அப்பா வயதுக்காரர், கழற்றிப் போட்ட டயர்மேல் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி என்னைக் கண்டதும் சிரித்து, எங்களுக்கும் சேர்த்து டீ சொல்லி அனுப்பினார்.

நான் நான்கு சொன்னேன், ஏன் ஐந்து இருக்கிறது என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா, நான்தான் ஒண்ணு சேத்துப் போட்டேன். நாலு போட்டு அனுப்ட்டு நான் நிம்மதியா சோறு துன்றதா? ரோட்ல ஊட்டுக்காரர ஏத்திகினு போற வண்டிமா அது" என்றார். பிறகு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அத்த உடு. பள்ளத்துல வண்டி ஏறிச்சா, இல்லியா?" என்று கேட்டார்.

"ஏறிச்சு" என்றேன். அது உண்மைதானே.

மேஸ்திரியின் முகம் மலர்ந்துவிட்டது. டயர்மேல் இருந்தவரைப் பார்த்து, "கேட்டியா அண்ணாத்தே? சவுடு பள்ளம். அஞ்சு பட்டையோட ஏத்திகினு வந்துகீறாங்க இந்தம்மா" என்றார். அந்த டிரைவர் எழுந்து வந்தார். ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, முன்னால் குனிந்து கமானைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நேராக என்னிடம், "எந்த கியர்ல ஏத்துனீங்கமா?" என்று கேட்டார். அதில் கிண்டல் இல்லை, சமாதானம் இல்லை, பொம்பளைக்கு எதற்கு என்ற பார்வை இல்லை. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் கேட்கிற கேள்வி. என்னை யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"லோ ஃபர்ஸ்ட்" என்றேன். அட்மின் போட்டதைப் பார்த்திருந்தேன்.

"அதான் கரீட்டு" என்று தலையாட்டினார். நடுவில் கால் எடுத்தால் தீர்ந்தது கதை, அந்தத் தைரியம் எல்லாருக்கும் வராது என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி, தன் பட்டைக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். டீ வந்தது. எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. மறுத்துச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். நன்றாகக்கூட இருந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று அவருடைய டீயைக் குடித்தார்.

கணவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆவடி ரோட்டில் ஒரு சிக்னலில் நின்றோம். சிவப்பு நெடுநேரம் எரிந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"நான் ஓட்டலைன்னு உங்களுக்குத் தெரியும். அங்க வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

அவர் முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயே சொல்லிடுவேன்னுதான் நின்னுட்டு இருந்தேன்" என்றார்.